ஐந்து டாலர் கச்சேரி

ராக் கச்சேரி என்றவுடன் நம்மில் பலருடைய மனக்கண்ணில் தோன்றுவது ஒரு பிரம்மாண்டமான விளையாட்டு மைதானம். ஐம்பதினாயிரம் ஜனங்கள், எறும்பளவில் மேடை, மேடையில் நிற்பவர்களை யானையளவில் காட்டுவதற்கு ஒரு திரை, டிக்கெட்டின் விலையைக் காதால் கேட்டாலே மயக்கம் வரும். அந்த மாதிரிக் கச்சேரியைப் பற்றி இன்று எழுத உத்தேசமில்லை. அதற்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்த வித்வான்களும் இந்தப் பகுதியில் நாலு வரி வராததனால் பட்டினி கிடக்கப் போவதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. உள்ளூர்ப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து, இரண்டு கிதார், ஒரு டிரம், இரைச்சலைப் பெருக்கித் தருவதற்குச் சில பெட்டிகள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, உள்ளூரிலேயே ஒரு சிறிய கிளப்பில் நூறு பேருக்கு முன்னால் வாசிக்கிறார்களே, அந்தக் கச்சேரி. அவர்கள் கோஷ்டிக்குப் ‘பாண்டு’ என்று பெயர். கல்யாண ஊர்வலத்தில் காஸ் விளக்குகளுக்கு நடுவே வந்த பாண்டு வாத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சத்தத்தில் மட்டும் கொஞ்சம் உறவு உண்டு.

இம்மாதிரிக் கச்சேரிக்குப் போவதில் ஒரு விசேஷம் இருக்கிறது. பாடுகிறவரின் நெற்றியில் வேர்வை அரும்புவது கண்ணுக்குத் தெரியும். தந்தி அறுந்தால் அறுந்த சத்தம் கேட்கும். முதல் கோஷ்டியார் வாசித்து முடித்ததும் மேடையிலிருந்து இறங்கி, நம் பக்கத்திலேயே வந்து நின்று, இரண்டாவது கோஷ்டியைக் கேட்பார்கள். இன்று வாசலில் டிக்கெட் கிழிக்கிற பெண் அடுத்த வாரம் மேடையில் நிற்பாள். பத்துக் கோஷ்டிகளில் ஏழு சுமார் ரகந்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எட்டாவது கோஷ்டிக்காகத்தான் ஜனங்கள் போகிறார்கள். ஆனால் அந்த ஏழு கோஷ்டிகளும் நின்று வாசிக்க இடமில்லாத ஊரில் எட்டாவது கோஷ்டி உண்டாகிற வழக்கம் இல்லை.

எல்லாம் சரி. அந்தக் கிளப்பின் வாசலில் யாரை உள்ளே விடுகிறார்கள், யாரைத் திருப்பி அனுப்புகிறார்கள்? கேட்பதற்கு அற்பமான கேள்வியாகத் தோன்றும். 1980-ஆம் வருஷத்தில் அமெரிக்கத் தலைநகரமான வாஷிங்டனில் சில பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். கேட்டதோடு நில்லாமல் பதிலையும் கண்டுபிடித்தார்கள். அந்தப் பதிலின் பலன்கள் நாற்பது வருஷங்களுக்கு மேலாகியும் இன்னும் தீர்ந்தபாடில்லை.

வாஷிங்டன் ராஜ்ய விவகாரங்களுக்குப் பெயர்போன ஊர். ஸங்கீத வியாபாரத்துக்கு அல்ல. இசைத்தட்டுக் கம்பெனிகள் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் இருந்தன. வாஷிங்டனிலிருந்து ஒரு பாண்டு கிளம்பிப் பேரும் பணமும் சம்பாதிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. யாரும் எதிர்பார்க்காமலிருப்பது சில சமயங்களில் பெரிய சௌகரியம். அந்த ஊர்ப் பிள்ளைகள் தங்களுக்காகவே வாசித்துக்கொண்டார்கள்.

1980 மே மாதக் கடைசியில் எப் வீதியில் 930-ஆம் இலக்கமுள்ள பழைய கட்டடத்தில் ஒரு கிளப் திறந்தார்கள். கதவிலக்கத்தையே பெயராக்கி ‘நைன் தர்ட்டி கிளப்’ என்று அழைத்தார்கள். 1865-ல் ஆபிரகாம் லிங்கன் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தபோது சுடப்பட்டாரே, அந்தப் போர்டு நாடகசாலை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தெருக் கதவைத் தாண்டியதும் ஒரு நீண்ட நடை. நடையின் முடிவில் ஓர் அறை. அறையில் 199 பேருக்குத்தான் அனுமதி. மேடையைப் பார்க்க விடாமல் மறைத்துக்கொண்டு நடுவில் தூண் நிற்கும். எலிகளுக்கு டிக்கெட் இல்லாமலே அனுமதி உண்டு. இவ்வளவையும் தூக்கி அடிக்கும்படி ஒரு நாற்றம். அங்கே போய் வந்தவர்கள் பாட்டை மறந்தாலும் அந்த நாற்றத்தை மறக்கவில்லை. பல வருஷங்கள் கழித்தும் அதைப் பற்றிப் பேசும்போது, பிறந்த வீட்டைப் பற்றிப் பேசுகிற பெண்ணைப் போல உருகுகிறார்கள்.

கிளப் நடத்துகிறவரின் கஷ்டத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். வாசலில் வசூலாகும் டிக்கெட் பணத்தில் பெரும்பகுதி வித்வான்களுக்குப் போய்விடும். வாடகை, விளக்கு, சிப்பந்திகளின் சம்பளம் ஆகிய எல்லாவற்றுக்கும் உள்ளே விற்கும் பீரும் விஸ்கியும்தான் கதி. அதாவது, அமெரிக்காவில் இந்த ஸங்கீதம் மதுக்கடையின் திண்ணையில் குடியிருக்கிறது. அங்கே குடிக்காத ரஸிகரால் முதலாளிக்கு லாபம் இல்லை. சட்டப்படி குடிக்கும் வயது வராத ரஸிகராலோ லாபமும் இல்லை, ஆபத்தும் உண்டு. அவர் கையில் ஒரு கோப்பையைப் போலீஸார் பார்த்துவிட்டால் லைஸென்ஸ் போய்விடும். ஆகையால், வயது காட்டும் சீட்டு இல்லாதவர்களை வாசலிலேயே மடக்கித் திருப்பி அனுப்பிவிடுவது வழக்கமாயிருந்தது.

ராக் ஸங்கீதமோ யௌவனப் பிராயத்தாரின் ஸங்கீதம். பதினாறு வயதில் ஒரு பாட்டு மனிதனை ஆட்டி வைப்பதுபோல் முப்பத்தாறில் ஆட்டி வைப்பதில்லை. எந்த வயதில் அதைக் கேட்கத் துடிக்கிறார்களோ, அந்த வயதில் கேட்கக் கூடாது என்று வாசலில் ஓர் ஆள் நின்றான். பாட்டில் குற்றமில்லை, பிள்ளைகளிடமும் குற்றமில்லை, நடுவில் நின்றது பாட்டில். (முதல் பாட்டிலும் கடைசிப் பாட்டிலும் வேறு வேறு என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.)

இயன் மெக்காய், ஜெப் நெல்ஸன் முதலிய சில பிள்ளைகள் உட்ரோ வில்ஸன் உயர்தரப் பள்ளியைச் சேர்ந்தவர்கள். 1979 பிப்ரவரியில் ஜார்ஜ்டவுன் ஸர்வகலாசாலையில் நடந்த ஒரு கச்சேரிதான் மெக்காய் முதல் முதலாகக் கேட்ட பங்க் ராக் கச்சேரி. மாணவர்கள் நடத்திய வானொலி நிலையம் ஒன்றை அந்த ஸர்வகலாசாலை வேண்டாமென்று தலை முழுகிக்கொண்டிருந்த சமயம் அது. நிலையத்துக்கு உதவி நிதி திரட்டுவதற்காகக் கச்சேரி வைத்தார்கள். கடைசியில் அந்த நிலையத்தை ஒரு டாலர் விலைக்கு வேறொரு கலாசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். நிலையம் போயிற்று. ஆனால் அன்றிரவு கூட்டத்தில் நெரிபட்ட பிள்ளைகள் சிலர் வீட்டுக்குப் போய்க் கிதார் தேட ஆரம்பித்தார்கள்.

அவர்கள் சேர்ந்து அமைத்த கோஷ்டிக்கு ‘டீன் ஐடில்ஸ்’ என்று பெயர். 1980 கோடை விடுமுறையில் பஸ் ஏறி, அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரையில் பிரயாணம் செய்து, கலிபோர்னியாவுக்குப் போனார்கள். ஸான் பிரான்ஸிஸ்கோவில் ‘மபுஹே கார்டன்ஸ்’ என்று ஓர் இடம். அது பிலிப்பைன் தேசத்துச் சாப்பாட்டு விடுதி. இரவில் பங்க் ராக் கச்சேரி. விடுதிக்காரர் இவர்களைப் பார்த்ததும், ‘இவ்வளவு சின்னப் பையன்கள் உள்ளே வந்து குடித்துவிட்டால் என்ன செய்வது?’ என்று கவலைப்பட்டார். பிறகு, ஒரு தடித்த மைப்பேனாவை எடுத்து ஒவ்வொருவருடைய புறங்கையிலும் கறுப்பு மையினால் பெரிய பெருக்கல் குறி போடச் செய்தார். இந்தக் குறி உள்ள கைக்கு மது ஊற்றக்கூடாது என்று சிப்பந்திகளுக்கு உத்தரவு. விஷயம் அவ்வளவுதான்.

வேறு பிள்ளைகளாயிருந்தால் இந்தக் குறியை அவமானமாக நினைத்து, விடுதியை விட்டு வெளியே வந்ததும் அழித்திருப்பார்கள். இவர்கள் ஊருக்குத் திரும்பி நேரே நைன் தர்ட்டி கிளப்புக்குப் போனார்கள். ‘எங்கள் கையிலும் இப்படிக் குறி போடுங்கள். நாங்கள் குடிக்கமாட்டோம், பாட்டு மட்டும் கேட்கிறோம்’ என்ற யோசனையைச் சொன்னார்கள். கிளப்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். வாசற்கதவு திறந்தது.

சில மாதத்துக்குள் கையிலிருந்த குறியின் அர்த்தமே தலைகீழாகிவிட்டது. ‘இவன் குடிக்கக் கூடாதவன்’ என்று பிறர் போட்ட முத்திரை, ‘நான் குடிக்காதவன்’ என்று தானே போட்டுக்கொள்ளும் முத்திரையாயிற்று. வயது வந்தவர்களும் அதைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். மதுவிலக்கைப் பற்றிப் பாதிரிமார்களும் பாட்டிமார்களும் எத்தனையோ காலமாக உபதேசித்திருக்கிறார்கள். ராக் கச்சேரியில் நாலு பேருக்கு நடுவே நிற்க வேண்டும் என்ற ஒரே ஆசையினால் மதுவிலக்குச் செய்துகொண்டவர்கள், எனக்குத் தெரிந்து, இவர்கள்தான்.

அந்த வருஷம் நவம்பரில் டீன் ஐடில்ஸ் கலைந்தது. கச்சேரிகளில் கிடைத்த பணத்தை அவர்கள் செலவழிக்காமல் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் சுமார் 600 டாலர். ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொண்டு போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல், தங்கள் பாட்டுக்கள் எட்டை ஒரு சிறிய இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அதற்காக ஆரம்பித்த கம்பெனிக்கு ‘டிஸ்கார்ட்’ என்று பெயர் வைத்தார்கள். எழுத்தில் ஒரு சிறு மாற்றம் செய்திருந்தாலும், காதுக்கு அது ‘அபஸ்வரம்’ என்று பொருள்படும் சொல்லேதான். ஓர் இசைத்தட்டுக் கம்பெனிக்கு இதைவிட யோக்கியமான பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. உறை செய்ய வழி தெரியவில்லை. ஆகவே கடையில் வாங்கிய ஓர் இசைத்தட்டின் உறையைப் பிரித்துப் பார்த்து, அதே அளவில் காகிதத்தைக் கத்தரித்து, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். உறையின் மேல் அச்சிட்ட படம், குறுக்காக வைத்த இரண்டு கைகள். ஒவ்வொன்றின் புறத்திலும் ஒரு பெருக்கல் குறி.

பெரிய கம்பெனி வந்து கூப்பிடும் என்று காத்திராமல், தன் ஊரில் தன் கையால் செய்து தன் ஊராருக்கு விற்பதற்குச் சுதேசி என்று பெயர் சொல்லலாம். அவர்கள் அந்த வார்த்தையைக் கேட்டிருக்கமாட்டார்கள், காரியத்தைச் செய்தார்கள்.

மெக்காயும் நெல்ஸனும் அடுத்துச் சேர்ந்த கோஷ்டி ‘மைனர் த்ரெட்’. குடிக்காமலிருப்பதைப் பற்றி அவர்கள் 1981-ல் ஒரு பாட்டு வெளியிட்டார்கள். ‘ஸ்ட்ரெயிட் எட்ஜ்’ என்று அதற்குப் பெயர். ஸங்கீத அபிமானியான என் நண்பர் ஒருவருக்கு அதைப் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டத் தயாராக உட்கார்ந்திருந்தார். சத்தம் நின்றதும் கண்ணைத் திறந்து, “சுருதி சேர்த்தாகிவிட்டதா? இனிமேல் பாட வேண்டியதுதானே?” என்றார்.

“ஸ்வாமி, பாட்டே முடிந்துவிட்டது” என்றேன்.

முக்கால் நிமிஷந்தான் அந்தப் பாட்டு. ராகம் தானம் பல்லவி கேட்ட காதுக்கு இது ஒரு தும்மலைப் போல் இருக்கும். ஸங்கீதம் என்ற முறையில் இதற்கு நான் பெரிதாக வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஸ்வரம் சுத்தமாயிருக்கிறதா என்று கேட்டால், பல இடங்களில் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியது ஒன்று இருந்து, அதைச் சொல்லி முடித்தவுடன் நிறுத்திக்கொள்கிற குணம் பெரிய பாடகர்களிடமும் அபூர்வம் என்பதை நினைக்கையில் கொஞ்சம் மரியாதை தோன்றுகிறது.

பாட்டின் பெயர் உலகம் சுற்றி ஓர் இயக்கத்தின் பெயராகிவிட்டது. பாடியவர் அதை விரும்பவில்லை. ‘என்னைப் பற்றி நான் பாடினேன், சட்டம் போடவில்லை’ என்ற கருத்தையே அவர் பல முறை சொல்லியிருக்கிறார். வேறு ஊர்களில் சில மூர்க்கர்கள் குடிக்கிறவர்களைத் தேடிப் பிடித்து அடித்த கூத்தும் பிற்காலத்தில் நடந்தது. மதுவை விட்டவனுக்கு அகங்காரம் பிடித்தால், மதுவே தேவலை என்று சொல்லும்படி ஆகிவிடுகிறது.

வாஷிங்டன் கச்சேரிகளைப் பற்றிப் பேசும்போது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கதையை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமல்ல. அந்நாளில் அந்நகரத்தில் பெரும்பாலோர் கறுப்பு ஜனங்கள். மெக்காய் முதலியவர்களுக்குக் குரு ஸ்தானத்தில் இருந்தது ‘பாட் பிரெய்ன்ஸ்’ என்ற கறுப்பு இளைஞர் நால்வர் கோஷ்டி. ஜாஸும் ராக்கும் கலந்த கடினமான சங்கீதத்தில் கைபழகிய பிறகு பங்க் ராக்குக்கு வந்தவர்கள் அவர்கள். கை பழகாதவன் வேகமாக வாசிப்பதற்கும், கை பழகியவன் வேகமாக வாசிப்பதற்கும் என்ன வித்தியாசம் என்பதை அவர்களைக் கேட்டுத்தான் மற்றவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

அந்த ஊரின் சொந்தச் சொத்தென்று சொல்லத்தக்க இன்னொரு சங்கீதம் ‘கோகோ’. சக் பிரௌன் என்பவர் அதற்குத் தந்தை. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் தாளத்தை நிறுத்தாமல் தோல் வாத்தியங்களும் மணிகளும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டேயிருக்கும். ஜனங்கள் பதில் குரல் கொடுத்துக்கொண்டேயிருப்பார்கள். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் காப்பி சாப்பிட எழுந்து போகிற நம்மவர்கள் ஒரு தடவை அதைக் கேட்க வேண்டும். 2020-ல் நகர சபை கோகோவையே வாஷிங்டனின் அதிகார பூர்வமான சங்கீதமாகச் சட்டம் செய்தது. 1983 செப்டம்பர் 23-ந் தேதி மைனர் த்ரெட் தன் கடைசிக் கச்சேரியை, ‘டிரபிள் பங்க்’ என்ற பெயருள்ள கோகோ கோஷ்டியுடன் ஒரே மேடையில் நடத்திற்று. ஒரே ஊரில் இருந்தும் ஒருவர் பாட்டை ஒருவர் கேளாத இரண்டு கூட்டம் ஒரே கூரையின் கீழ் ஓர் இரவு நின்றது. அந்தக் காட்சியைப் பெரிய மைதானத்தில் ஏற்பாடு செய்ய முடியாது.

இதற்குள் வேறொரு கோளாறு முளைத்திருந்தது. மேடைக்கு முன்னால் இடித்துக்கொண்டும் மோதிக்கொண்டும் ஆடுவது பங்க் கச்சேரிகளில் வழக்கம். முதலில் விளையாட்டாக இருந்தது வரவரச் சண்டையாயிற்று. தடியர்கள் முன்னால் வந்து நின்றார்கள். பெண்கள் சுவரோரமாகத் தள்ளப்பட்டார்கள். வாசலில் இருந்த தடை போய்விட்டது. அறைக்குள்ளேயே ஒரு தடை எழும்பிவிட்டது! பழைய ஆட்கள் பலர் கச்சேரிக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார்கள். ஏமி பிக்கரிங் என்ற பெண்மணி 1985-ல் தம் சிநேகிதர்களுக்குப் பெயர் போடாமல் சிறு சிறு கடிதங்கள் அனுப்பினார்: இந்தக் கோடையில் ஒரு புரட்சி செய்யவேண்டும் என்று. ஒரு சிறிய காகிதத் துண்டினால் என்ன நடக்கும் என்று கேட்கக்கூடாது. புதிய பாண்டுகள் ஏற்பட்டன. பாட்டின் தினுசு மாறியது. கோபத்தோடு துக்கமும் பாடத் தகுந்தது என்று கண்டார்கள். ஜூன் 21-ந் தேதி தென்னாப்பிரிக்க ஸ்தானிகர் மாளிகைக்கு முன்னால் கூடி, நிறவெறி ஆட்சியைக் கண்டித்து, கையில் அகப்பட்டதையெல்லாம் தட்டி முழக்கினார்கள். பிக்கரிங் அம்மையாரும் மறு வருஷம் பெண்கள் மட்டுமே கொண்ட ‘பயர் பார்ட்டி’ என்ற கோஷ்டியில் பாட ஆரம்பித்தார்.

1987-ல் மெக்காய் ஆரம்பித்த கோஷ்டிதான் ‘புகாஸி’. அவ்வருஷம் செப்டம்பர் 3-ந் தேதி ‘வில்ஸன் ஸென்டர்’ என்ற சமூக நிலையத்தில் முதல் கச்சேரி. இவர்கள் இரண்டு விதிகளை வைத்துக்கொண்டார்கள். எந்த வயதினரையும் உள்ளே விட வேண்டும். டிக்கெட் ஐந்து டாலருக்கு மேல் போகக் கூடாது. அன்றைய நாணய மாற்றுப்படி அது ஏறக்குறைய 65 ரூபாய். வெளியூர்களில் சில சமயம் ஒரு டாலர் ஏறியிருக்கலாம், கொள்கை மாறவில்லை. பத்திரிகைகளில் படம் வந்து, தேச தேசாந்தரங்களில் பெயர் பரவி, ஆயிரக் கணக்கில் ஜனங்கள் வர ஆரம்பித்த பிறகும் ஐந்து டாலரேதான்.

ஐந்து டாலரில் எப்படிக் கட்டி வரும் என்று குடும்பம் நடத்துகிற நேயர்கள் கேட்பார்கள். காரியஸ்தர் கிடையாது, கச்சேரிக்கு நாள் குறிப்பதைத் தாங்களே செய்தார்கள். சொந்த இசைத்தட்டுக் கம்பெனி. ஆகவே நடுவில் லாபம் தின்கிறவர் இல்லை. ஊர் ஊராக வண்டியில் போய்ச் சிநேகிதர் வீடுகளில் படுத்துக்கொண்டார்கள். மதுக்கடைகளை நம்பாமல் மாதா கோவில்களின் மண்டபம், சமூக நிலையம், பள்ளிக்கூடம் என்று அகப்பட்ட இடத்தில் வாசித்தார்கள். சட்டை, தொப்பி என்று தங்கள் பெயர் பொறித்த சாமான் எதையும் விற்க மறுத்துவிட்டார்கள். பெரிய கம்பெனிகள் வலிய வந்தபோதும் வணக்கம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொந்த ஊரில் வாசித்த கச்சேரிகள் பெரும்பாலும் தர்ம நிதிக்காகவே. ‘பாஸிடிவ் போர்ஸ்’ என்ற தொண்டர் சங்கம் அவற்றை ஏற்பாடு செய்தது.

சபையில் ஒழுங்கை நிலைநாட்டுவதற்கு அவர்கள் கண்ட உபாயத்தைத்தான் நான் மிகவும் ரஸிக்கிறேன். கூட்டத்தில் யாராவது பிறரை இடித்துத் துன்புறுத்தினால் பாட்டை அப்படியே நிறுத்திவிடுவார்கள். அந்த ஆசாமியை விரல் நீட்டிக் காட்டி, மரியாதையாக, ‘ஐயா, நிறுத்திக்கொள்ளும்’ என்பார்கள். அவர் கேட்கவில்லையானால், ஐந்து டாலர் நோட்டு ஒன்றை உறையில் போட்டுத் தயாராக வைத்திருப்பார்கள். அதைக் கையில் கொடுத்து வாசலுக்கு அனுப்பிவிடுவார்கள். கணக்குத் தீர்ந்தது! போலீஸ் இல்லை, அடிதடி இல்லை. டிக்கெட் நூறு டாலராயிருந்தால் இப்படிச் செய்ய எந்த வித்வானுக்கும் மனம் வராது. மலிவு விலையில் இப்படியும் ஒரு சுதந்திரம் இருக்கிறது.

மேடையிலிருந்து உபதேசம் செய்கிறார்கள், சந்நியாசிகளைப் போல் நடந்துகொள்கிறார்கள் என்று அவர்களைக் கேலி செய்தவர்கள் அநேகம். கேலியில் கொஞ்சம் உண்மை இல்லாமலில்லை. சில பதிவுகளில் பாட்டை விடப் பேச்சு நீளமாக இருக்கிறது. பதிவுகள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், 2002 நவம்பரில் லண்டனில் கடைசியாக வாசித்தது வரையில் அவர்கள் நடத்திய கச்சேரிகள் ஆயிரத்துக்கு மேல். அவற்றில் 800-க்கு மேற்பட்டவற்றை நாடாவில் பிடித்து வைத்திருந்தார்கள். 2011 முதல் அவற்றை ஒவ்வொன்றாக வெளியிட்டார்கள். ஒரு கச்சேரியின் விலையாக அவர்கள் குறித்ததும் ஐந்து டாலரே. கேட்டுப் பாருங்கள். ஒலிபெருக்கி மக்கர் பண்ணுகிறது. யாரோ ஒருவர் காணாமற்போன தம் சிநேகிதரைக் கூப்பிடுகிறார். தந்தியை முறுக்கும் நேரத்தில் நாலு வார்த்தை பேசுகிறார்கள்.

இப்போது அந்த இடங்களெல்லாம் என்ன ஆயின? ‘டி. ஸி. ஸ்பேஸ்’ என்ற சின்னஞ்சிறு கிளப் 1991-ல் மூடப்பட்டது. நைன் தர்ட்டி கிளப் 1996-ல் வேறு தெருவில் 1,200 பேர் நிற்கக்கூடிய மாளிகைக்குக் குடிபோயிற்று. டிரம் வாசிப்பவரான டான்டே பெர்ரான்டோ 1993-ல் ‘பிளாக் காட்’ என்ற கிளப்பைத் திறந்தார். ஊரில் நிலத்தின் விலை ஏற ஏற, நூறு பேர் நிற்கிற அறைக்கு வாடகை கொடுத்துக் கட்டி வராமல் போயிற்று. 2023-ல் நைன் தர்ட்டி முதலாளிகளே தங்கள் மாளிகைக்குப் பக்கத்தில் ‘அட்லாண்டிஸ்’ என்ற 450 பேர் கொள்ளும் கிளப்பைக் கட்டினார்கள். எப் வீதியிலிருந்த பழைய இடத்தின் சாயலில் கட்டியது. எலிகளை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று நம்புகிறேன். முதல் இரவில் வாசித்தது ‘பூ பைட்டர்ஸ்’ கோஷ்டி. அதன் தலைவர் டேவ் க்ரோல், வாஷிங்டனுக்கு அடுத்த வர்ஜீனியாவில் வளர்ந்து, பிள்ளைப் பிராயத்தில் இம்மாதிரிக் கச்சேரிகளில் நெரிபட்டவர். தொடக்க விழாக் கச்சேரிகளுக்கு டிக்கெட் 44 டாலர். இந்த மகா வித்வான்களை வேறெங்கும் அந்த விலைக்குக் கேட்க முடியாது என்பது மெய். ஆனால் 1987-ஆம் வருஷத்து ஐந்து டாலரை விலைவாசிக் கணக்குப்படி இன்றைக்கு ஏற்றினால் பதினாலு டாலர் சொச்சந்தான் வருகிறது. பழைய அறையின் நீளம் அகலத்தை அளந்து கட்டியவர்கள் பழைய விலையையும் அளந்திருக்கலாம்.

ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. வாஷிங்டன் பொது நூல் நிலையத்தார் 2014-ல் இந்தக் கச்சேரிகளின் துண்டுப் பிரசுரங்கள், இசைத்தட்டுகள், கையால் எழுதி நகல் எடுத்த பத்திரிகைகள் ஆகியவற்றைச் சேகரித்துப் பாதுகாக்க ஆரம்பித்தார்கள். நூல் நிலையத்திலேயே பாண்டுக் கச்சேரிகளும் வைத்தார்கள். ‘நிசப்தம்’ என்று பலகை தொங்க வேண்டிய இடத்தில் டிரம்!

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தமான இடம் கிளப்பே அல்ல. நகரத்தின் வடமேற்கில் ‘போர்ட் ரெனோ’ என்று ஒரு பழைய கோட்டை மைதானம் இருக்கிறது. உள்நாட்டு யுத்தகாலத்தில் பீரங்கி வைத்திருந்த மேடு அது; நகர எல்லைக்குள் அதைவிட உயர்ந்த நிலம் கிடையாது. 1968 முதல் கோடைகாலத்து மாலை வேளைகளில் அங்கே உள்ளூர்ப் பாண்டுகள் இலவசமாக வாசித்து வந்திருக்கின்றன. டிக்கெட் இல்லை, மது கொண்டுவரக் கூடாது. குழந்தைகள் புல்லில் உருளுகிறார்கள், நாய்கள் வருகின்றன, பாட்டிமார்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். புகாஸியும் அங்கே பல கோடைகளில் வாசித்திருக்கிறது. அதே மேடையில், முந்தின வாரம் கிதார் வாங்கிய பையன்களும் வாசித்திருக்கிறார்கள்.

2014-ல் இதற்கும் ஆபத்து வந்தது. பூங்காப் போலீஸ்காரர் ஒருவர் கச்சேரி நேரம் முழுவதும் நிற்க வேண்டும், அவருக்கான செலவைக் கச்சேரி நடத்துகிறவர்களே கொடுக்க வேண்டும் என்று அதிகாரிகள் நிபந்தனை போட்டார்கள். டிக்கெட்டே இல்லாத கச்சேரியில் பணத்துக்கு எங்கே போவது? ஏற்பாட்டைக் கவனித்து வந்த அமாண்டா மெக்காய் (இயன் மெக்காயின் சகோதரி) அவ்வருஷக் கச்சேரிகள் இல்லையென்று அறிவித்தார். ஊரார் சும்மா இருக்கவில்லை; கையெழுத்துச் சேகரித்து விண்ணப்பம் அனுப்பினார்கள்; காங்கிரஸ் சபையில் நகரத்தின் பிரதிநிதியான எலினோர் ஹோம்ஸ் நார்ட்டன் அம்மையாரும் பரிந்து பேசினார். சில நாளில் சமரசம் ஏற்பட்டு, அந்தக் கோடையிலேயே கச்சேரிகள் நடந்தன.

போக நினைக்கிற நேயர்கள் கோடையில் போக வேண்டும். துண்டு ஒன்று கொண்டுபோனால் புல்லில் விரித்துக்கொள்ளலாம். மழை பெய்தால் கச்சேரி கிடையாது.